பதக்கமும் பரிசோதனையும்



மைசூர்ப் பகுதி இராமாபுரத்தில் குடியிருக்கும் எங்களைப் போலவே, நீங்களும் பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள். புதிய ஊரில் கால் ஊன்றும்போது, “நீர் யார்? எவ்வூர்? சான்று உண்டா?” என்னும் வினாக்கள் எழுவதை நாம் அறிவோம். வினவுதல் குற்றமன்று, ஆனால் வினவும் முறையில் வினவப்படுபவரின் மானம் அடங்கியிருக்கின்றது. இவ்வுண்மையை விளையாட்டுத் துறையின் வரலாறு ஒன்று நமக்கு நன்கு உணர்த்துகின்றது.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளையில் உழைத்த பெற்றோர்க்கு மகளாகப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2005ஆம் ஆண்டு தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியிலும், 2006 டிசம்பரில் தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டிலும், 800 மீட்டர் ஓட்டத்தில் அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். தோகா வெற்றியின் மகிழ்ச்சி சில நாட்களே நிலைத்தது. பாலினப் பரிசோதனையில் அவர் தேறவில்லை என்ற செய்தி வெளியாயிற்று, பதக்கம் பறிக்கப்பட்டது. மருத்துவரின் அறைக்குள் அடங்கியிருக்க வேண்டிய ஒன்று, நாடெங்கும் தலைப்புச் செய்தியாயிற்று.

இப்பரிசோதனை எவ்வாறு தோன்றியது? பெண்கள் போட்டி பெண்களுக்கே உரியதாதல் வேண்டும் என்ற நியாயமான எண்ணத்தில்தான் அது தோன்றியது. 1966இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில், வீராங்கனைகளை மருத்துவர்கள் கண்ணால் பார்த்தே முடிவு கூறினர். மானமுள்ள எவர்க்கும் பொறுக்க முடியாத முறை அது. அதனை நீக்கி, உயிரணுவிலுள்ள குரோமோசோம்களை ஆராயும் முறையைக் கொணர்ந்தனர். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில், கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்த அணுக்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தனர்.

அறிவியல் வந்துவிட்டது, இனிப் பிழை நேராது என்றே பலரும் எண்ணினர். நடந்தது வேறு. போலந்து நாட்டு எவா குளோபுகோவ்ஸ்கா 1966இல் பழைய சோதனையில் தேறினார். 1967இல் புதிய சோதனையில் தவறினார். ஓராண்டில் மாறியது அவர் உடல் அன்று. அளக்கும் முறையே மாறியது. 1985இல் ஜப்பானின் கோபே நகரில், ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டீனோவின் அணுக்களில், ஆண்களுக்குரிய ஒய் குரோமோசோம் காணப்பட்டது. உடனே அவர் விலக்கப்பட்டார். ஆயினும், ஆண்மை இயக்குநீரை ஏற்றுப் பயன்கொள்ளும் ஆற்றல் அவர் உடலுக்கு இல்லை. ஆகவே அக்குரோமோசோமால் அவர்க்கு ஓட்டத்தில் மிகுந்த வலிமை ஏதும் வரவில்லை. இதனை எடுத்துக்காட்டிப் போராடி, 1988இல் தம் உரிமையை மீட்டார்.

பன்னாட்டு ஒலிம்பிக் குழு, வீராங்கனைகள் அனைவரையும் சோதிக்கும் வழக்கத்தை 1999இல் கைவிட்டது. ஐயம் எழுந்தவரை மட்டும் சோதிக்கும் வழக்கம் எஞ்சி நின்றது. அவ்வழக்கத்துக்கு இரையானவரே நம் சாந்தி.

எட்டாண்டுகள் கழித்து, 2014இல், ஒடிசாவின் டூட்டி சந்த் இயக்குநீர் அளவு மிகுதி என்று விலக்கப்பட்டார். அவர் விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2015இல் மன்றம் அவ்விதியை நிறுத்திவைத்தது. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் இரு வெள்ளிப் பதக்கங்களை வென்றார். முறையிட வழியும், உடன் நிற்பாரும் இருந்தமையால் அவர் மீண்டும் ஓடினார். சாந்திக்கு அன்று அத்துணை வாய்க்கவில்லை.

இன்று வரலாறு மீண்டும் திரும்பியிருக்கின்றது. 2025 செப்டம்பர் 1 முதல், உலகத் தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் கலந்துகொள்வோர் ஒருமுறை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று உலகத் தடகள அமைப்பு விதித்தது. கன்னத்திலிருந்தோ குருதியிலிருந்தோ மாதிரி எடுப்பர். கருவி நுட்பமானது, பெண்கள் போட்டியின் நேர்மையைக் காக்கும் கடமையும் மெய்யானதே. எனினும், கருவி காட்டுவது ஓர் அடையாளம் மட்டுமே. அதனைக்கொண்டு ஒருவர் வாழ்வைத் தீர்மானிப்போர் மனிதரே. ஆகவே அறமும் பொறுப்பும் மனிதரையே சாரும்.

நம் பிள்ளைகளும் இன்று பயிற்சிக் கழகங்களில் சேர்கின்றனர். அவர்களிடம் குருதியோ அணுவோ கேட்கப்படும்போது, பெற்றோராகிய நாம் மூன்று வினாக்களைத் தயங்காது எழுப்புவோமாக. இச்சோதனை எதற்காக? முடிவை அறிபவர் யாவர்? முடிவு பிழையெனின் எங்கே முறையிடுவது?

பதக்கத்தை இழந்த சாந்தி, செங்கற்சூளையில் கூலிவேலையும் செய்தார். பின்னர் நம் கன்னட நாட்டுப் பெங்களூரில் பயிற்சியாளர்க்கான கல்வி பயின்றார். 2016இல் தமிழ்நாடு அரசு அவரைப் பயிற்சியாளராக நியமித்தது. ஓட முடியாதென விலக்கப்பட்டவர் பிறரை ஓடச் செய்கின்ற நிலையை அடைந்தார். அவர் மனவுறுதியைப் போற்றுவோம். அவ்வுறுதி தேவைப்படும் நிலை இன்னொரு பெண்ணுக்கு வாராமற் காப்போம்.