கைமாறாத ஆலை: ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவும் ‘விருப்ப ஓய்வு’ என்னும் சட்டச் சொல்லும்

நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை 544 கோடி யூரோவுக்கு வாங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2013 செப்டம்பரில் அறிவித்தது. 2014 ஏப்ரல் 25 அன்று கைமாற்றம் முடிந்தபோது இரண்டு ஆலைகள் மட்டும் விடுபட்டிருந்தன: தென்கொரியாவின் மாசானில் ஒன்று, ஸ்ரீபெரும்புதூரில் ஒன்று. ஒரு நிறுவனத்தை இன்னொன்று வாங்கினால் ஆட்குறைப்பு வரும் என்பது பழகிய கதை. ஸ்ரீபெரும்புதூரில், வாங்கப்படாமல் போனதே வேலையிழப்புக்கு வழிவிட்டது. இதற்கு வரித் தகராறையே காரணமாகச் சொல்வது வழக்கம். அந்த விளக்கம் போதாது என்பதும், தொழிலாளரைக் கைவிட்டதில் நம் தொழிற்சட்டத்தின் கட்டமைப்புக்குப் பெரும் பங்குண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தமிழ்நாட்டு அரசுடன் 2005-இல் ஒப்பந்தம் போட்ட நோக்கியா, 2006-இன் தொடக்கத்தில் இங்கு உற்பத்தியைத் தொடங்கியது. சிறப்புப் பொருளாதார மண்டலத்தின் அதே வளாகத்துக்குள் ஃபாக்ஸ்கான், சால்காம்ப் போன்ற உதிரிபாக நிறுவனங்களும் வந்தமர்ந்தன. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பிளஸ் டூ முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறிய சுற்றுவட்டார இளம்பெண்கள். 2014 தொடக்கத்தில் நிரந்தரத் தொழிலாளர் மட்டுமே ஏறத்தாழ 6,600 பேர்.

வரிக் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஃபின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு மென்பொருளுக்காக அனுப்பிய தொகையில் வரி பிடிக்கவில்லை என்று வருமான வரித்துறை 2013-இல் 2,080 கோடி ரூபாய் கேட்டது, சொத்துகளை முடக்கியது. ஆலையைக் கைமாற்ற வேண்டுமானால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்ற நிபந்தனையை 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஏற்றுமதி என்று கணக்குக் காட்டிய கைப்பேசிகள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்று சொல்லி மாநில அரசும் 2,400 கோடி கேட்டது. ஆலையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் கைப்பேசி செய்துதரும் ஏற்பாட்டுக்கு நோக்கியா வந்தது.

வழக்கு இல்லாதிருந்தால் ஆலை பிழைத்திருக்குமா? கைமாறிய ஆலைகளின் கதியைப் பார்த்தால் நம்பிக்கை பிறக்கவில்லை. 2014 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த 18,000 ஆட்குறைப்பில் 12,500 வரை நோக்கியாவிலிருந்து வந்தவர்களுடையவை. ஹங்கேரியின் கொமாரோம் ஆலை மூடப்பட்டது. மறு ஆண்டு 7,800 வேலைகளும் வாங்கிய மதிப்பில் 760 கோடி டாலரும் போயின. ஃபின்லாந்தின் சலோ நகரப் பிரிவும் மூடப்பட்டது. அங்கெல்லாம் எந்த வரி அதிகாரியும் பூட்டுப் போடவில்லை. சாதாரணக் கைப்பேசிகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூரின் லைன்களில் பெரும்பாலும் ஓடியவை அவையே. வேலை போகும் விதத்தைத்தான் வரி வழக்கு தீர்மானித்தது.

அந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் இத்தகைய தொழிலாளிக்கு மூன்று வாசல்கள் இருந்தன. நிறுவனம் கைமாறினால் பிரிவு 25-எஃப்எஃப். பெரிய ஆலையில் ஆட்குறைப்புச் செய்ய அரசின் முன்அனுமதி கோரும் 25-என். மூடுவதற்கு 90 நாள் முன்பே விண்ணப்பிக்கச் சொல்லும் 25-ஓ. முதல் வாசல் திறக்கவில்லை. ஆலை சட்டப்படி கைமாறவே இல்லை. அதற்கு வர வேண்டிய ஆர்டர் மட்டும் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. வேலை கைமாறுவதை இந்தச் சட்டம் காணவில்லை. சொத்து கைமாறுவதையே கண்டது. இரண்டாம் வாசலுக்கு எவரும் போக வேண்டியிருக்கவில்லை. ஆட்குறைப்பு என்பதற்குச் சட்டம் தந்த வரையறையிலேயே விருப்ப ஓய்வு (விஆர்எஸ்) விலக்கப்பட்டிருந்தது. 2014 கோடையில் ஏறத்தாழ 5,000 பேர் விஆர்எஸ் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். இருபத்தைந்து வயதுப் பெண் ‘ஓய்வு’ பெறுகிறாள் என்பதை எந்த அலுவலகக் கோப்பும் வேடிக்கையாகக் கருதவில்லை. மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள, எஞ்சிய ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு நவம்பர் 1 முதல் உற்பத்தி ‘நிறுத்திவைப்பு’. மூடல் என்ற சொல்லை நிறுவனம் கவனமாகத் தவிர்த்ததால் மூன்றாம் வாசலும் திறக்கவில்லை. அடுத்த மாதமே, அந்த லைன்களை நம்பியிருந்த ஃபாக்ஸ்கானும் அங்கே உற்பத்தியை நிறுத்தியது.

விஆர்எஸ் தொகை சட்டப்படியான இழப்பீட்டைவிட அதிகம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் எட்டாண்டு உழைப்புக்கு நான்கு மாதச் சம்பளம்தான் கிடைத்திருக்கும். ஆனால் 25-என் பிரிவின் உயிர்நிலை பணத்தில் இருக்கவில்லை. அரசு இரு தரப்பையும் அழைத்துக் கேட்க வேண்டியிருந்தது. காரணங்களை எழுத்தில் பதிய வேண்டியிருந்தது. ஒப்பந்தம் ஏன் முறிந்தது, வரி கேட்ட அரசே வேலை காக்க என்ன செய்தது என்ற கேள்விகளைத் தொழிலாளி ஆவணத்தில் ஏற்றக்கூடிய இடமாக அது இருந்தது. ஐயாயிரம் கையெழுத்துகள் அந்த விசாரணையைத் தேவையற்றதாக்கின. உடன்பாடு தனித்தனியாகப் பெறப்பட்டதால் கூட்டுப் பேரத்துக்கான பொருளே கரைந்துபோனது.

பிற தரப்புகளுக்குப் பேச மேசை கிடைத்தது. இந்தியாவும் ஃபின்லாந்தும் பேசி முடித்ததில் 2018-இல் நோக்கியா 20.2 கோடி யூரோ கட்டி வருமான வரி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. 2019-இல் ஆலையைச் சால்காம்ப் வாங்குவதாக மத்திய அமைச்சர் அறிவித்தார். வரித்துறைக்குப் பணம் வந்தது, கட்டடத்துக்கு ஆள் வந்தது. வெளியேறிய பெண்களில் பலர் அதற்குள் முப்பதை எட்டியிருந்தார்கள். அந்த வயதில் புது வேலை தேடுவது எளிதல்ல: இதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஐபோன் ஆலையில் மணமான பெண்களைத் தவிர்ப்பதாக 2024-இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட, மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது.

2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, முன்அனுமதிக்கான வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்தியது. ஆட்குறைப்பின் வரையறையிலிருந்து விருப்ப ஓய்வுக்குத் தரும் விலக்கு மட்டும் அதிலும் அப்படியே இருக்கிறது.