கிரீஸை ஒழித்த ரப்பர் வளையம்

என் காரின் முன்பக்க லோயர் ஆர்ம் புஷ்களை போன மாதம் வீட்டு வாசலிலேயே மாற்றினேன். வேலைக்கு முன்னால் சர்வீஸ் மேனுவலைப் படித்தபோது ஒரு வரியில் கண் நின்றது: புஷ் வழியாகப் போகும் போல்ட்டை, வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். ஏன் என்று அதில் போடவில்லை. வண்டியைத் தூக்கி வைத்து, சக்கரம் தொங்கும்போதே முறுக்குவதுதானே சுலபம்? பல பட்டறைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். இந்த 'ஏன்' பின்னால் போனதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே தொகுக்கிறேன். விடை கிட்டத்தட்ட நூறு வருஷம் பழசு.

எண்ணெய்க்குடுவை காலம்

காரின் சஸ்பென்ஷனில் அசையாத இணைப்பே கிடையாது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது அதைத் தாங்கும் கை ஒரு அச்சில் திரும்ப வேண்டும். ஆரம்பகாலக் கார்கள் இந்த அச்சை குதிரைவண்டியிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டன. பட்டை ஸ்பிரிங்கின் காதில் ஒரு வெண்கல புஷ், அதற்குள் ஒரு இரும்பு ஊசி. இரண்டும் உரசும். நடுவில் எண்ணெய் இல்லாவிட்டால் கிறீச்சிடும், தேயும், ஆட்டம் கொடுக்கும். போதாக்குறைக்கு இந்த இணைப்புகள் இருப்பது மண்ணும் தண்ணியும் அடிக்கிற இடத்தில்.

அதனால் ஃபோர்டு மாடல் டி வைத்திருந்தவர்கள் சில நூறு மைலுக்கு ஒருமுறை எண்ணெய்க்குடுவையோடு வண்டிக்கடியில் நுழைய வேண்டியிருந்தது. பணக்கார வண்டிகளுக்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். 1936-இல் வந்த ரோல்ஸ்-ராய்ஸ் பான்டம் 3-இல் ஒரு மிதியை அழுத்தினால் குழாய்கள் வழியாக ஒவ்வொரு இணைப்புக்கும் எண்ணெய் போய்ச் சேரும். நம்ம ஊர் அம்பாசடர் வைத்திருந்தவர்களுக்கு கிரீஸ் நிப்பிளும் கிரீஸ் கன்னும் நன்றாகவே தெரியும். கிரீஸ் அடிக்க மறந்தால் முன்பக்கம் தானாகவே கத்தி ஞாபகப்படுத்தும்.

உரசாமல் திரும்புவது எப்படி?

இதற்கு விடை கண்டவர் லியோன் தியரி என்ற பொறியாளர். 1920களில் பிரான்சில், ரெபுஸ்ஸோ நிறுவனம் அவருடைய கண்டுபிடிப்பை 'சைலன்ட்பிளாக்' என்ற பெயரில் தயாரித்து விற்றது. அந்த நிறுவனத்தின் பிரான்சுவா ரெபுஸ்ஸோ சும்மா வியாபாரி இல்லை. 1925-இல் ரெனோ 40சிவி காரில் மான்டி கார்லோ ராலியை ஜெயித்தவர். மோசமான சாலை ஒரு காரை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா என்ன!

யோசனை எளிமையானது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய்கள். நடுவில் இருக்கும் இடைவெளியைவிடத் தடிமனான ஒரு ரப்பர் வளையத்தை நீட்டி, அழுத்தி, அதற்குள் திணித்துவிடுவது. பசை கிடையாது. அந்த அழுத்தத்திலேயே ரப்பர் இரண்டு குழாய்களையும் கவ்விக்கொள்ளும். உள் குழாயை போல்ட் போட்டு வண்டிச் சட்டத்தோடு இறுக்கிவிடுவார்கள். வெளிக்குழாய் கையோடு சேர்ந்து திரும்பும். எதுவும் எதன்மேலும் வழுக்காது. ரப்பர் தனக்குள்ளேயே முறுகிக்கொடுத்து, பிறகு பழைய நிலைக்கு வரும். உரசல் இல்லை, அதனால் எண்ணெய் இல்லை, சத்தமும் இல்லை.

ரப்பரின் ஒரு விசித்திர குணம் இதற்குக் கைகொடுத்தது. அதை வளைக்கலாம், முறுக்கலாம், ஆனால் அதன் கன அளவைக் குறைப்பது ரொம்பக் கஷ்டம். குழாய்க்குள் அடைபட்ட ரப்பர் பக்கவாட்டில் அழுத்தினால் கெட்டியாக எதிர்க்கும், முறுக்கினால் மென்மையாக விட்டுக்கொடுக்கும். சஸ்பென்ஷன் கைக்கு வேண்டியதும் சரியாக இதுதான். பிற்பாடு ரப்பரை ரசாயன முறையில் இரும்போடு ஒட்டவைக்கும் புஷ்கள் வந்தாலும் தத்துவம் மாறவில்லை. பிரெஞ்சு, ஸ்பானிஷ், ரஷ்ய மெக்கானிக்குகள் இன்றும் எந்தக் கம்பெனி புஷ்ஷையும் சைலன்ட்பிளாக் என்றே சொல்கிறார்கள், நாம் நகலெடுப்பதை ஜெராக்ஸ் என்பது மாதிரி.

அதே காலத்தில் அமெரிக்காவின் பிளிமத் கார் 1931-இல் என்ஜினையே ரப்பர் மேல் உட்கார வைத்தது. அடுத்த வருஷமே சிட்ரோயன் அந்த உரிமத்தை வாங்கியது.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது?

பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் நொறுங்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது நிலைக்கும் என்று சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். காப்புரிமை 1844-இல் கிடைத்தது. 1860-இல் கடனாளியாகவே இறந்தார்.

மரம் பிரேசிலுடையது. 1876-இல் ஹென்றி விக்கம் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சுமார் 2,700. அவற்றில் பெரும்பகுதி, ஏறக்குறைய 1,900 கன்றுகள், இலங்கைக்குக் கப்பலேறி ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. பிறகு சிங்கப்பூர், மலாயா. கார்கள் பெருகப் பெருகத் தோட்டங்களும் பெருகின.

மலாயாத் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே எழுந்து பால்மரம் சீவியவர்களில் பெரும்பங்கு தமிழர்கள்; கங்காணிகள் மூலமாக இங்கிருந்து போனவர்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் அந்த விடியற்கால வேலை. ஐரோப்பாவில் ஒருவர் எண்ணெய்க்குடுவையோடு வண்டிக்கடியில் படுக்க வேண்டிய அவசியம் போனதற்குப் பின்னால், இங்கே யாரோ இருட்டில் எழுந்த கணக்கு இருக்கிறது. புஷ்ஷைக் கண்டுபிடித்தவர் பெயராவது எங்கோ பதிவாகியிருக்கிறது. மரம் சீவியவர்களின் பெயரை எந்தப் பாகத்திலும் தேட முடியாது.

இது பழங்கதையும் இல்லை. செயற்கை ரப்பர் வந்த பிறகும் சஸ்பென்ஷன் புஷ்ஷுக்கு இயற்கை ரப்பர்தான் இன்றும் முதல் தேர்வு. இழுபடும்போது அதன் மூலக்கூறுகள் வரிசைகட்டிப் படிகமாகி, விரிசல் பரவாமல் தடுக்கும்.

ரேடியல் டயர் போட்ட புது வேலை

மிஷெலின் 1940களின் கடைசியில் ரேடியல் டயரைக் கொண்டுவந்தபோது ஒரு சிக்கல் வந்தது. அது சாலையை நன்றாகப் பிடித்தது, ஆனால் சின்னச் சின்ன மேடுகளில் முன்பின்னாக ஒரு உதறலை வண்டிக்குள் அனுப்பியது. அதை வாங்கிக்கொள்ளும் வேலை புஷ்ஷின் தலையில் விழுந்தது. ரப்பருக்குள் பிறைவடிவ ஓட்டைகள் விட்டு, முன்பின் திசையில் மென்மையாகவும் பக்கவாட்டில் கெட்டியாகவும் செய்தார்கள். 1977-இல் போர்ஷே 928 இன்னும் ஒரு படி மேலே போனது. வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டால், பின்சக்கரங்கள் லேசாக உள்நோக்கித் திரும்பி வண்டியை நிலைப்படுத்தும். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. இணைப்புகளின் வடிவமும் புஷ்ஷின் நெகிழ்வும் சேர்ந்தே அதைச் செய்தன. என்னைப் போன்ற மென்பொருள்காரர்கள் இதற்கு ஒரு சென்சார், ஒரு மோட்டார், பத்தாயிரம் வரி நிரல் என்று ஆரம்பித்திருப்போம்!

இப்போ வீட்டுக்கு வருவோம்

இந்த வரலாறு தெரிந்தால், புஷ் மாற்றும்போது ஞாபகம் வைக்க வேண்டியவை தானாகவே புரியும்.

முதலில் பாதுகாப்பு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகவே கூடாது. ஸ்டாண்ட் வைக்க வேண்டும். உங்கள் வண்டியில் ஸ்பிரிங் நேரடியாகக் கீழ்க்கையின் மேல் உட்கார்ந்திருந்தால் வீட்டில் தொடவே வேண்டாம், அது உயிருக்கு ஆபத்து.

பழைய புஷ்ஷைக் கழற்றும் முன் அது எந்தத் திசையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறை ஓட்டைகள் திசை மாறினால் மென்மையும் கெட்டியும் இடம் மாறிவிடும். சுத்தியலால் அடிக்க வேண்டாம். ஒரு நீளமான மரைக்கம்பி, இரண்டு நட்டு, கனமான வாஷர்கள், புஷ் உள்ளே போகிற அளவுக்கு ஒரு துண்டுக் குழாய் இருந்தால் போதும். நட்டை முறுக்க முறுக்க பழையது வெளியே வரும். அதே முறையில் புதியது உள்ளே போகும். வழுக்கலுக்கு சோப்புத் தண்ணி போதும். என்ஜின் ஆயில், கிரீஸ் வேண்டவே வேண்டாம், இயற்கை ரப்பர் அதைக் குடித்து ஊதிவிடும். கிரீஸை ஒழிக்க வந்த பொருளுக்கு கிரீஸே எதிரி.

கடைசியாக அந்த போல்ட். இறுக்கியதும் உள் குழாய் சட்டத்தோடு ஒட்டிவிடுகிறது. அந்த நொடியில் கை எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதுதான் ரப்பரின் ஓய்வு நிலை. சக்கரம் தொங்கும்போது முறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுகிவிடும். நிறுத்தி வைத்திருக்கும் இரவிலும் முறுகியேதான் இருக்கும். மேட்டில் ஏறினால் இன்னும் முறுகும். புது புஷ் சீக்கிரமே கிழியும், பழி 'டூப்ளிகேட் பார்ட்ஸ்' மேல் போகும். எடை இறங்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் இரண்டு பக்கமும் சமமாக வேலை செய்யும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரு சுற்று

இப்போது சிலர் ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போடுகிறார்கள். கெட்டியானது, ஸ்டியரிங் கூர்மையாகும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை உள் குழாயோடு ஒட்டாதவை. அதன்மேல் வழுக்கித்தான் திரும்பும். அதனால் அவற்றோடு ஒரு சின்னப் பொட்டலம் சிலிக்கோன் கிரீஸும் வரும். அது காய்ந்தால் கிறீச் சத்தமும் வரும்.

தியரி எதை ஒழித்தாரோ அதையே காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறோம்.