காசு கொடுத்து வாங்கிய கருமை



வயலில் உழைத்துக் கறுத்தவர்களை இளப்பமாகப் பார்த்த காலம் ஐரோப்பாவில் இருந்தது. சீமாட்டிகள் குடை பிடித்துத் தங்கள் வெண்மையைக் காத்தனர். தொழிற்சாலைகள் பெருகி, உழைப்பாளி கூரைக்குள் அடைபட்டதும் நிலை மாறியது. கடற்கரையில் ஓய்வாகப் படுத்துக் கறுப்பதே செல்வத்தின் அடையாளமாயிற்று.

டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன், விளக்கொளியால் தோல் காசநோய்க்குச் சிகிச்சை அளித்து 1903இல் நோபல் பரிசு பெற்றார். நோய் தீர்க்க வந்த விளக்கொளி பின்னர் அழகு வணிகத்திலும் புகுந்தது. 1970களில் ஜெர்மனியில், புறஊதா விளக்குகள் பொருத்திய கட்டில்கள் விற்பனைக்கு வந்தன. காசு கொடுத்தால் அறைக்குள்ளேயே கறுக்கலாம்!

ஆனால் அந்தக் கருமை அழகன்று, காயத்தின் அடையாளம். கதிர்கள் உயிரணுக்களைச் சேதப்படுத்தும்போது, தற்காப்புக்காகத் தோல் மெலனின் என்னும் நிறப்பொருளை உண்டாக்குகிறது. நாளடைவில் தோல் சுருங்கும், புற்றுநோயும் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் இக்கட்டில்களைப் புகையிலை இருக்கும் அதே வகுப்பில் சேர்த்தது. அவ்வாண்டே பிரேசில் அவற்றைத் தடை செய்தது.

நேயர்களே, வெயிலில் இறங்கும்போது நம் தாய்மார் போடும் முக்காடு வெறும் பழக்கமன்று, அறிவுடைமை. உழைப்பு தந்த நிறத்துக்கு நாம் நாணவும் வேண்டாம். நிறத்தை மாற்றக் காசைக் கொடுத்துக் கேட்டை வாங்கவும் வேண்டாம்.