ஆளுக்கு ஒரு வெள்ளி: மலாயாப் பல்கலைக்கழகமும் நம் தமிழும்



யுபியு விண்ணப்பம் நிரப்பும் நேரம் அது. ஆறாம் படிவ மாணவி ஒருத்தி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர், மலாயாப் பல்கலைக்கழகத்துல தமிழ் எடுக்கலாம்னு நினைக்கிறேன். ஆனா, அந்தத் துறை இன்னும் எத்தனை வருஷம் இருக்கும்னு அப்பா கேக்கிறாரு" என்றாள். அந்த அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் எதிர்காலத்தை நினைக்கும் எந்தப் பெற்றோரும் கேட்கக்கூடிய கேள்விதான். அன்றைக்கு ஏதோ சமாளித்து அனுப்பிவிட்டேன். அவளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்றால் துறையின் கதையை அதன் பிறப்பிலிருந்தே சொல்லவேண்டும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றால் அரசாங்கமே யோசித்து, அரசாங்கமே பணம் போட்டுக் கட்டியது என்று நாம் நினைக்கிறோம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாறு அப்படித் தொடங்கவே இல்லை. சிங்கப்பூரில் ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று 1904இல் டான் ஜியாக் கிம் என்ற சீனத் தலைவர் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு ஆளுநரிடம் மனு கொடுத்தார். 'பணத்தைத் திரட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம்' என்ற போக்கில்தான் காலனி அரசு நடந்துகொண்டது. 87,077 வெள்ளி சேர்ந்தது. அதில் 12,000 வெள்ளி அவருடைய சொந்தப் பணம். 1905இல் பள்ளி திறந்தது. பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றது அதுதான். இன்னொரு பக்கம், ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால்வைத்து நூறாண்டு ஆனதை ஒட்டி 1919இல் பேசப்பட்ட ராஃபிள்ஸ் கல்லூரி, 1928இல்தான் பாடம் நடத்தத் தொடங்கியது. பேச்சுக்கும் வகுப்பறைக்கும் நடுவில் ஒன்பது ஆண்டுகள்! திட்டமிடல் என்பது எப்போதுமே இப்படித்தான் இழுக்கும் போலிருக்கிறது.

போருக்குப் பிறகு, 1947இல், கார்-சாண்டர்ஸ் தலைமையில் ஓர் ஆணையம் வந்தது. மலாயாவுக்கு முதலில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி போதும் என்பது அதற்கு முன் இருந்த எண்ணம். கார்-சாண்டர்ஸ் ஆணையம் அதை ஏற்கவில்லை. நேரடியாக முழுப் பல்கலைக்கழகமே வேண்டும் என்றது. மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949 அக்டோபர் 8ஆம் தேதி மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. அந்த ஆணையம் நிரந்தர வளாகத்துக்குச் சொன்ன இடம் எது தெரியுமா? ஜொகூர் பாரு! செலவுக் கணக்குப் பார்த்துப் பார்த்து அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. மாணவர்களே, தேர்வில் திட்டமிடல் பற்றிக் கட்டுரை வந்தால் இந்த ஜொகூர் பாரு கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல திட்டமாக இருந்தாலும் பணம் இல்லாவிட்டால் அது காகிதத்தோடு நின்றுவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இப்போது நம் கதைக்கு வருவோம்.

புதிய பல்கலைக்கழகத்தில் இந்தியர்களைப் பற்றிப் படிக்க ஒரு துறை வேண்டும் என்ற பேச்சு 1950களின் தொடக்கத்தில் எழுந்தது. துறை வரட்டும், ஆனால் அதில் எந்த மொழி? சமஸ்கிருதத்துக்கு முதலிடமா, தமிழுக்கு முதலிடமா? இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தோட்டத்திலும் துறைமுகத்திலும் ரயில் பாதையிலும் உழைத்தவர்கள். அவர்கள் பிள்ளைகள் தோட்டப் பள்ளியில் படித்த மொழி தமிழ். பல்கலைக்கழக வாசலில் அந்த மொழிக்கு இடம் இல்லை என்றால் அந்தப் பள்ளிகளுக்கு மேலே ஏறிப்போக ஒரு படியே இல்லாமல் போகும்.

இங்கேதான் கோ. சாரங்கபாணி வருகிறார். 1903இல் திருவாரூரில் பிறந்து, 1924இல் சிங்கப்பூர் வந்து, 1935இல் 'தமிழ் முரசு' தொடங்கியவர். தமிழே முதன்மை மொழியாக வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார், கூட்டம் போட்டார். ஆனால் எழுதுவதோடு அவர் நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுங்கள் என்று கேட்டார். பணக்காரர் நாலு பேரிடம் போய் ஆயிரமாயிரமாக வாங்கியிருக்கலாம். அது சுலபமும்கூட. அவர் கேட்டது ஒரு வெள்ளி. சாதாரணக் கூலித் தொழிலாளியும் கொடுக்கக்கூடிய ஒரு வெள்ளி. பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் வாங்க அந்த நிதி உதவியது. அந்த நூல்களைத் தொட்டுப் பார்க்கக்கூட வாய்ப்பில்லாதவர்கள்தான் அவற்றை வாங்கிக் கொடுத்தார்கள்.

சில ஆசிரியர் நண்பர்கள், "அந்தப் பணம் என்ன பெரிய பணமா இருந்திருக்கப் போகுது?" என்று கேட்பதுண்டு. ஒரு பல்கலைக்கழகத்தின் செலவோடு ஒப்பிட்டால் சிறிய தொகைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பணம் கொடுத்தவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிடுகிறது, இல்லையா? ஒரு சமூகமே வெள்ளி வெள்ளியாகக் கொடுத்துவிட்டு, 'எங்கள் மொழி எங்கே?' என்று கேட்கும்போது, பல்கலைக்கழகம் அதைத் தள்ளிவிட முடியாது. 1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. தமிழுக்கு அதில் இடம் கிடைத்தது.

அதன் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 1959இல் பல்கலைக்கழகம் சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரண்டு பிரிவுகளாகியது. இந்திய ஆய்வியல் துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1962இல் இரண்டு பிரிவும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாகின. இங்கே பந்தாய் பள்ளத்தாக்கில் இருப்பது மலாயாப் பல்கலைக்கழகம். அங்கே இருந்தது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமாகி, 1980இல் நன்யாங் பல்கலைக்கழகத்தோடு இணைந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஆனது. சிங்கப்பூர்த் தமிழர் சேர்த்த வெள்ளியும் சேர்ந்து உருவான துறை இந்தப் பக்கம் வந்துவிட்டது. சிங்கப்பூரில் தமிழில் ஒரு பட்டப்படிப்பு வர 2006வரை, சிம் பல்கலைக்கழகம் தொடங்கும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இதைப் படிக்கும் சிங்கப்பூர் ஆசிரியர்களுக்கு அந்த வலி தெரியும்.

கோலாலம்பூர் வந்த துறை எப்படி வளர்ந்தது? 1961இல் தனிநாயகம் அடிகள் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பல மொழி அறிந்தவர். 1964 ஜனவரியில் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவர். முதல் உலகத் தமிழ் மாநாடு எங்கே நடந்தது? சென்னையில் இல்லை, மதுரையில் இல்லை. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில். சென்னைக்கு அது இரண்டாவது மாநாடாக 1968இல்தான் போனது. துறை தொடங்கிப் பத்தே ஆண்டில் உலக அறிஞர்களை அழைத்து உட்கார வைத்துவிட்டார்கள்! மாணவர்களிடம் நான் இதைச் சொல்லும்போது, "உண்மையாவா டீச்சர்?" என்று கேட்காத வகுப்பு இல்லை.

மாநாடு மட்டும் வளர்ச்சி இல்லை. 1969இல் இராம. சுப்பையா 'தமிழ் மலேசியானா' என்ற நூற்பட்டியலைத் தொகுத்தார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியல் அது. பல்கலைக்கழக நூலகமே வெளியிட்டது. பார்ப்பதற்குச் சுவாரசியமில்லாத புத்தகம்தான். ஆனால் மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறு எழுத உட்காரும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. ச. அரசரத்தினமும் அறுபதுகளில் இங்கே கற்பித்தவர். மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்கள் பற்றி அவர் எழுதிய நூல் 1970இல் வந்தது. ஒரு துறைக்கு நூலகம், ஆசிரியர், ஆய்வு மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பத்தாண்டு காட்டுகிறது.

சரி, இப்போது? மலாயாப் பல்கலைக்கழகம் 2006இல் ஆய்வுப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. 2012இல் தன்னாட்சி கிடைத்தது. 2015இல் வெளியான மலேசிய உயர்கல்விப் பெருந்திட்டம், பொதுப் பல்கலைக்கழகங்கள் தங்கள் செலவில் சுமார் 90 விழுக்காட்டுக்கு அரசாங்கத்தையே நம்பியிருக்கின்றன என்று சொல்லி, சொந்தமாகவும் வருமானம் தேடச் சொன்னது. அடுத்த ஆண்டே, 2016 வரவு செலவுத் திட்டத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கான ஒதுக்கீடு சுமார் 27 விழுக்காடு குறைந்தது. ஆனாலும் கியூஎஸ் தரவரிசையில் அது ஏறியது. 2018 பட்டியலில் 114ஆம் இடம், 2019இல் 87, 2021இல் 59. நாட்டுக்குப் பெருமைதான். நானும் மகிழ்ந்தேன்.

ஆனால் தமிழாசிரியையாக எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. அந்தத் தரவரிசை ஆய்வு மேற்கோள்களைக் கணக்கெடுக்கும்போது ஸ்கோபஸ் தரவுத்தளத்தைத்தான் பார்க்கிறது. அதில் தமிழில் எழுதிய கட்டுரைகளைத் தேடிப்பாருங்கள், அரிதாகத்தான் கிடைக்கும். இந்திய ஆய்வியல் துறை 'தமிழ்ப் பேராய்வு' என்ற ஆய்விதழை நடத்துகிறது. 2015இல் ஒன்பதாவது உலகத் தமிழ் மாநாடும் மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே நடந்தது. இவற்றின் மதிப்பு அந்த எண்களில் எவ்வளவு தெரியும்? பணம் குறையும்போது எண்ணில் தெரியாத துறைக்குத்தான் முதலில் நெருக்கடி வரும் என்பது என் பயம். பயம்தான், தீர்ப்பு இல்லை. அந்த அப்பாவின் கேள்விக்குப் பின்னாலும் இதே பயம்தான் இருந்திருக்க வேண்டும்.

அதற்கு அன்றைய ஒரு வெள்ளிபோல இன்று நம் கையில் இருப்பது மாணவர் எண்ணிக்கை. எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியத்தை 'கஷ்டமான பாடம், விட்டுடு' என்று நாமே மாணவரிடம் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், மறைக்கவில்லை. பள்ளியில் நாம் விட்ட ஒவ்வொரு மாணவரும் நான்கைந்து ஆண்டு கழித்து அந்தத் துறையில் ஒரு காலி நாற்காலி.

அந்த மாணவியை மறுவாரம் கூப்பிட்டு உட்கார வைத்து, சாரங்கபாணி கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அமைதியாகக் கேட்டாள். கடைசியில், "அப்போ அந்த ஒரு வெள்ளியில எங்க தாத்தா வெள்ளியும் இருக்குமா டீச்சர்? அவரு அப்போ சிங்கப்பூர் துறைமுகத்துலதான் வேலை செஞ்சாரு" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். விண்ணப்பத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள், அப்பாவிடம் பேசிவிட்டு வருவதாக.