எங்களுக்குப் பின் யார்?

உளுந்தூர்பேட்டைச் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பேணி வளர்க்கும் பெற்றோர் உண்டு. ஊட்டுவதும் உடுத்துவதும் அவர்களுக்குப் பழகிப்போன பணிகள். அவர்களை உறங்கவிடாத கேள்வி வேறு: "எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?" இக்கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு.

காது கேளாத பிள்ளைகளுக்கென 1885இல் பம்பாயில் பள்ளி கண்டவர் ஆயர் லியோ மியூரின். அந்நூற்றாண்டு முடியுமுன் பாளையங்கோட்டையில் அத்தகைய பணியைத் தொடங்கினார் ஆங்கிலிக்கன் மறைப்பணியாளர் ஃபுளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார். அப்பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. செவியின் குறையைக் கண்ணாலும் கையாலும் ஈடுசெய்து, கற்றவர் தம் காலில் நிற்க வழிசெய்தன இப்பள்ளிகள். ஆனால் எழுத்தறிவையும் தேர்ச்சியையுமே கல்வியின் பயனாக எண்ணிய காலத்தில், அவற்றை எட்ட இயலாத பிள்ளை பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலேயே வளர்ந்தது.

அந்நிலையை மாற்ற முன்வந்தோருள் தாய்மார் முதன்மையானவர்கள். மூளை முடக்குவாதம் கொண்ட மகளைப் பெற்ற மிது அலூர் 1972இல் பம்பாயில் ஓர் அமைப்பை நிறுவினார். அதே குறைபாடுள்ள மகனின் தாய் பூனம் நடராஜன் 1985இல் சென்னையில் வித்யாசாகரைத் தொடங்கினார். இவர்கள் தம் பிள்ளையோடு ஊரார் பிள்ளைகளுக்கும் வழி திறந்தார்கள்.

எனினும், பள்ளி பகற்பொழுதுக்கு உரியது; பெற்றோரின் கேள்வியோ வாழ்நாள் முழுவதற்கும் உரியது. அதற்கு நாட்டின் சட்டம் செவிசாய்த்தது 1999இல்தான். தன்முனைப்புக் குறைபாடு எனப்படும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றோடு வாழ்வோருக்காகத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னாளில் அவ்வறக்கட்டளைக்கே பூனம் நடராஜன் தலைவராக விளங்கினார்.

பெற்றோர் தாம் நம்பும் ஒருவரைக் காப்பாளராக நியமிக்குமாறு உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க இச்சட்டம் இடமளிக்கிறது. மாவட்ட ஆட்சியர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் கொண்டது அக்குழு. காப்பாளர் சொத்துக் கணக்கை ஒப்படைக்க வேண்டும்; பிள்ளையைப் புறக்கணித்தாலோ சொத்தைக் கையாடினாலோ அவரை நீக்கவும் வழியுண்டு. குறைபாடுள்ளோரின் விருப்பத்தையும் கேட்டு, அவரோடு கலந்து முடிவெடுப்பதே முறை என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் வலியுறுத்தியது.

உளுந்தூர்பேட்டையார்க்கு 1993 வரை மாவட்டத் தலைநகர் கடலூர், பின்பு விழுப்புரம், 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி. ஆட்சியர் அலுவலகம் இடம் மாறியது. பெற்றோரின் கேள்வி மாறவில்லை. சட்டம் காப்பாளரை நியமிக்கலாம்; அவரை உருவாக்கித் தர அதனால் இயலாது. பெற்றோர் யார் பெயரை எழுதுவது? உடன்பிறந்தோர் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றிருக்கலாம். பெரியப்பா, சித்தப்பா முதுமை எய்தியிருக்கலாம்.

இங்கேதான் நம் பங்கு வருகிறது. திருமுழுக்கின்போது நாம் ஞானப்பெற்றோராக நின்றோம். அவ்வுறவு சடங்கோடு முடிந்துவிடுவதன்று. காப்பாளர் உறவினராகவே இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் அப்பிள்ளை நம்மை அறிந்திருக்க வேண்டும். அவன் எதை உண்பான், எதற்கு அஞ்சுவான், யாரைக் கண்டால் சிரிப்பான் என்பதைத் தாய் உயிரோடிருக்கும்போதே நாம் கற்றுக்கொள்ள வேண்டும். திங்களில் ஒரு மாலையேனும் அவ்வீட்டில் செலவிட்டால் அக்கல்வி தொடங்கும்.