படையெறும்புகளின் இடப்பெயர்வு

நடு அமெரிக்க, தென் அமெரிக்க மழைக்காடுகளில் தரையை அடைத்துக்கொண்டு கூட்டமாக வேட்டையாடிச் செல்லும் எறும்பினங்களைப் படையெறும்புகள் என்கிறோம். இவற்றில் மிகுதியாக ஆராயப்பட்டது எசிட்டான் புர்செலியை என்ற இனம். ஒரு கூட்டத்தில் பல லட்சம் எறும்புகள் உண்டு. அவற்றுக்கென்று நிலையான புற்று கிடையாது. மரப்பொந்திலோ, சாய்ந்து கிடக்கும் மரத்தின் அடியிலோ ஒன்றின் கால்நகத்தை மற்றொன்று பற்றித் தொங்கி, தங்கள் உடல்களாலேயே கூடு அமைத்துக்கொள்கின்றன. ராணியும் முட்டைகளும் புழுக்களும் அதன் நடுவில் இருக்கும். விடிந்ததும் அந்தக் கூடு அவிழ்ந்து வேட்டைக்குக் கிளம்புகிறது. ஏறக்குறைய 15 நாட்களுக்கு, பெரும்பாலும் ஒவ்வோர் இரவும் கூட்டம் முழுவதும் புதிய இடத்துக்குக் குடிபெயரும். அடுத்த 20 நாட்கள்போல ஒரே இடத்தில் தங்கிவிடும். பிறகு மீண்டும் புறப்பாடு. இந்தப் புறப்பாட்டை முடிவு செய்வது யார், அல்லது எது என்ற கேள்வியைச் சுற்றியே இவ்வெறும்புகளைப் பற்றிய ஆராய்ச்சி வளர்ந்தது. தாமாக ஓரடிகூட நகரமுடியாத புழுக்களே இதற்குக் காரணம் என்பதே இன்று சான்றுகள் காட்டும் விடை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்கையியலாளர்கள் விடையை எறும்பின் அறிவில் தேடினார்கள். அமேசான் காடுகளில் 11 ஆண்டுகள் கழித்த ஹென்றி வால்டர் பேட்ஸ், 1863இல் வெளிவந்த நூலில் இவற்றின் வேட்டையை விரிவாக எழுதினார். நிகராகுவாவில் சுரங்கப் பொறியாளராக இருந்த தாமஸ் பெல்ட் 1874இல் இன்னும் ஒரு படி மேலே போனார். ஓர் எறும்பின்மேல் சிறு கல்லை வைத்து அவர் பார்த்தார். அவ்வழியே வந்த இன்னொன்று அதைக் கண்டு ஓடிப்போய், சற்று நேரத்தில் பல எறும்புகள் சூழ்ந்து அதை விடுவித்தன. வழி குறுகலான இடத்தில் சில எறும்புகள் ஓரமாகப் பற்றிக்கொண்டு பாதையை அகலப்படுத்த, மற்றவை அவற்றின்மீது நடந்து போனதையும் அவர் பதிவு செய்தார். கண்டது அத்தனையும் உண்மை. ஆனால் அதிலிருந்து எறும்புகளுக்கு ஆலோசனையும் திட்டமும் உண்டு என்ற முடிவுக்கு வந்தது அவசரம். பின்னர் இயற்கையியலாளர் வில்லியம் பீப் பிரிட்டிஷ் கயானாவில் பார்த்த காட்சி இதற்கு நேர் எதிரானது. 1,200 அடிச் சுற்றளவுள்ள ஒரு வட்டத்தில் சிக்கிய எறும்புகள், முன்னே போகும் எறும்பின் வாசனைத் தடத்தையே தொடர்ந்து சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு சுற்றுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பெரும்பாலானவை சுற்றியபடியே செத்தன. தலைமை ஒன்று இருந்திருந்தால் இப்படி நேர்ந்திருக்காது. அநேகமாகப் பார்வையற்ற இவ்வெறும்புகளுக்குத் தடம்தான் வழிகாட்டி.

கேள்வியைத் திருப்பிப் போட்டவர் நியூயார்க்கைச் சேர்ந்த விலங்கு உளவியலாளர் டி. சி. ஷ்னெய்ர்லா. பனாமா கால்வாய்க்காக உருவாக்கப்பட்ட ஏரியின் நடுவே உள்ள பாரோ கொலராடோ தீவுக்கு 1932இல் முதன்முறை சென்ற அவர், கூட்டங்களை இரவும் பகலும் பின்தொடர்ந்து நாட்கணக்கு எடுத்தார். அதுவரை பொதுவாக நம்பப்பட்ட காரணம், சுற்றுவட்டாரத்தில் இரை தீர்ந்ததும் எறும்புகள் இடம் மாறுகின்றன என்பது. அவர் கணக்கில் அது பொருந்தவில்லை. இரைதான் காரணம் என்றால் 20 நாட்கள் ஒரே இடத்தில் தங்கும் காலத்தில்தான் தட்டுப்பாடு அதிகமாகி, கூட்டம் சீக்கிரமே கிளம்பியிருக்க வேண்டும். நடப்பதோ வேறு. தங்கும் காலத்தில் ராணியின் வயிறு பெருத்து, சில நாட்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. முந்தைய தலைமுறை அப்போது கூட்டுப்புழுவாக அடங்கியிருக்கிறது. ஊட்ட வேண்டிய வாய் இல்லாததால் வேட்டையும் சிறுத்துவிடுகிறது, சில நாள் நடப்பதே இல்லை. முட்டைகள் பொரியும் அதே வேளையில் கூட்டுப்புழுக்களிலிருந்து இளம் எறும்புகளும் ஒருசேர வெளிவர, கூட்டம் கிளர்ந்து புறப்படுகிறது. புழுக்கள் வளர்ந்துகொண்டிருக்கும்வரை நகர்வு தொடர்கிறது. அவை கூட்டுப்புழுவானதும் நின்றுவிடுகிறது. புழுக்களோடு பிரித்து வைத்த எறும்புகள், புழு இல்லாமல் வைத்தவற்றைவிடச் சுறுசுறுப்பாக இருந்ததையும் அவர் கண்டார்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. அரிசோனாவில் வாழும் நெய்வாமைர்மெக்ஸ் என்ற படையெறும்பினத்தைப் பராமரித்த ஹோவர்ட் டோபாஃபும் ஜான் மிரெண்டாவும் இரையை அதிகமாகக் கொடுத்தபோது, அக்கூட்டங்கள் குறைவாகவே இடம் மாறின. அப்படியானால் பசியும் கணக்கில் வரத்தான் செய்கிறது. ஆனால் யாருடைய பசி என்று பார்க்க வேண்டும். வேட்டைக்குப் போகும் எறும்பு தன் வயிற்றுக்காக மட்டும் போகவில்லை. கொண்டுவரும் இரையில் பெரும்பகுதி புழுக்களுக்குத்தான் போகிறது. புழுக்கள் நிறைந்த கூட்டில் இரை குறைந்தால் நகர்வு கூடும், இரை மிகுந்தால் தணியும். புழுவே இல்லாத கூட்டில் பசி அப்படி விரட்டுவதில்லை. இடம் மாறும் வழக்கம் பரிணாமத்தில் நிலைத்ததற்கு இரைத் தட்டுப்பாடு காரணமாக இருக்கலாம். இன்றிரவு கிளம்பவைப்பது புழுதான். இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

மேலும் வலுவான சான்று, படையே இல்லாத உறவினர் ஒருவரிடமிருந்து வந்தது. ஊசெரேயா பைரோய் என்ற சிற்றெறும்புக்கு ராணி கிடையாது. எல்லா எறும்புகளும் இணையின்றியே முட்டையிடும். இதன் சிறு கூட்டங்களிலும் முட்டையிடும் பருவம், புழு வளர்க்கும் பருவம் என்று ஏறக்குறைய 34 நாள் சுழற்சி இருக்கிறது. புழுக்களை எடுத்துவிட்டால் வளர்ந்த எறும்புகளின் சூலகங்கள் விழித்துக்கொள்கின்றன. திருப்பி வைத்தால் அடங்குகின்றன. புழுக்களிலிருந்து வரும் குறிப்பு எறும்பின் மூளையில் இன்சுலின் போன்ற ஒரு பொருளைக் குறைக்கிறது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, சுழற்சி முதலில் வந்தது, படை பின்னால் அதன்மேல் ஏறிக்கொண்டது என்றே கொள்ளவேண்டியிருக்கிறது.

ஆப்பிரிக்காவின் டோரிலஸ் படையெறும்புகள் இந்த நாட்கணக்கில் அடங்குவதில்லை. அவை மனம்போனபடி எப்போதாவது இடம் பெயர்கின்றன. இதை விதிக்கு விலக்காகச் சிலர் சுட்டுவார்கள். ஆனால் அவற்றின் ராணி இடைவிடாது முட்டையிடுகிறது, எல்லா வயதுப் புழுக்களும் எப்போதும் கலந்தே இருக்கின்றன. ஒரே நாளில் எழுந்து ஒரே நாளில் அடங்கும் புழுக்கூட்டம் இல்லாத இடத்தில், ஒழுங்கான புறப்பாடும் இல்லை.