பனங்களியின் கசப்பு

பளை, பூநகரிப் பக்கத்துப் பனங்கூடல்களைப் பழம் விழுங்காலத்திற் கண்டவர்கள் அறிவர்: ஒரு மரத்துப் பழம் இனிக்கும், அயல்மரத்துப் பழமோ கசக்கும். நம் முன்னோர் நாவினாலே தேர்ந்து, இனிய களியைப் பாயில் ஊற்றிக் காயவிட்டுப் பனாட்டாக்கினர்.

வில்லியம் பேர்கூசன் என்பார் பனையைப் பற்றி 1850இல் கொழும்பிலே தனிநூலே வெளியிட்டார். ஆயினும் கசப்பின் இரசாயனம் துலங்க 1990கள் வரை காத்திருக்க நேர்ந்தது.

பியரிலே கசப்பு விரும்பிச் சேர்ப்பது. ஹொப் பூவின் அமிலங்கள் கொதிக்கையில் உருமாறி அதனைத் தருகின்றன. பனங்களியிலோ அது வேண்டாத விருந்தாளி. ஜான்ஸ் என்னும் இலங்கை விஞ்ஞானியும் அவரோடு உழைத்தோரும் அதனைப் பிளபெலிபெரின் என்னும் சப்போனின் இனமாகக் கண்டனர். நான்கு வெல்ல மூலக்கூறுகள் இணைந்த வகையே கசப்பது. தோடையினப் பழச்சாற்றின் கசப்பை நீக்கும் நரிஞ்சினேசு என்னும் நொதியம் அவ்வெல்லங்களை வெட்டவே, கசப்பு மறைந்தது! இவ்வினத்துச் சப்போனின்கள் மதுவத்தின் வளர்ச்சியையும் தடுப்பதால், களியை நொதிக்கவைப்பதும் எளிதன்று.

அவ்வாய்வு நடந்த காலத்திலே கொழும்புக்கும் வன்னிக்கும் இடையிற் போர்முனை கிடந்தது. பனங்கூடல்கள் பல அழிந்தன. நொதியமோ விலை மிக்கது. மீண்டும் விதை நடுவோர் கசப்புக் குறைந்த மரங்களை முதலில் அடையாளங் காணல் நன்று என்பது என் எண்ணம்.